அம்மக்குத்தி பாய்

தெருவில் எந்த நிலைப்படியிலாவது வேப்பிலைக் கொத்து தொங்குவது கண்ணில் பட்டுவிட்டால் அஹமது கபீர் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். செருப்பைக் கழற்றி, மண்ணைத் தட்டி, ஒன்றோடொன்று சேர்த்துக் கேரியரில் செருகுவார். அப்புறம் வெறுங்காலோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பார். பங்குனி வெயிலில் புழுதி கொதிக்கும். வரப்பில் நடக்கும் கொக்கு மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைப்பாரே ஒழிய, செருப்பை மறுபடி தொட மாட்டார். அந்த வீட்டு வாசலுக்கு வந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அம்மா வந்திருக்காங்களா?" என்று கேட்பார். வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் ஒரு பெரிய மனுஷியை விசாரிக்கிற குரல் அது.

"வந்திருக்காங்க பாய்" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

"எப்ப வந்தாங்க?"

"செவ்வாக்கெழம."

"முத்து எங்கெங்க போட்டிருக்காங்க? உள்ளங்கையில இருக்கா? பாதத்துல?"

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் அவருடைய உத்தியோகம் இருந்தது. பெரியம்மை என்றால் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் விடாது. சின்னம்மை முதுகிலும் மார்பிலும் கூத்தடித்துவிட்டு, அநேகமாகக் கைநுனிக்கு வராமலே போய்விடும். இலாகா கொடுத்த அட்டை ஒன்று அவர் துணிப்பையில் உண்டு. பெரியம்மை கண்ட குழந்தையின் படம் போட்டது. அதைக் காட்டும்போது குழந்தையின் முகத்தைத் தன் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு கைகால்களை மட்டும் காட்டுவார். ஏன் என்று கேட்டால், "பெத்தவ பார்ப்பா இல்ல?" என்பார். எந்தப் பெற்றவள் என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.

குடவாசலில் பள்ளிவாசல் தெருவில் அவருக்கு வீடு. ஐம்பதைத் தொட இன்னும் கொஞ்சம் பாக்கி. அம்மை குத்துகிறவராகச் சர்க்கார் வேலையில் சேர்ந்தபோது தனக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை என்று சொல்லிக்கொள்வார். அன்றிலிருந்து சுற்றுவட்டாரத்தில் அவருக்கு அஹமது கபீர் என்ற பெயர் செல்லாது, அம்மக்குத்தி பாய்தான். அவருடைய சைக்கிள் மணி கேட்டால் பிள்ளைகள் வைக்கோல்போருக்குள் புகுந்துகொள்ளும். சோறு தின்ன அடம்பிடிக்கும் குழந்தையிடம், "அம்மக்குத்தி பாயைக் கூப்புடவா?" என்று கேட்டால் வாய் தானாகத் திறக்கும். "என்னால பூச்சாண்டிக்கு வேலை போச்சு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

பஸ்ஸில் ஏறினால் அவர் கண் மனிதர்களின் முகத்துக்குப் போகாது, கைக்குப் போகும். மேல்கம்பியைப் பிடித்து நிற்பவர்களின் சட்டைக் கை விலகியிருந்தால் அங்கே தெரியும் தழும்பை ஆராய்வார். "இது நம்ம கை" என்று பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லச் சொல்லுவார். அவர் குத்திய தழும்பு சற்றே சாய்ந்திருக்கும். பிள்ளையை இடுக்கிக்கொண்டு குத்திய பழக்கம் அப்படி. ஒருமுறை கண்டக்டரின் கையைப் பார்த்துவிட்டு, "குத்தாலம் பக்கமா தம்பி? குத்துனவருக்கு அன்னைக்கு என்னமோ அவசரம்" என்றார். கண்டக்டருக்குக் குத்தாலமேதான். அவன் பாக்கிச் சில்லறையைக் கொடுக்க மறந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேப்பிலைக்குச் செருப்பைக் கழற்றும் விஷயம் சொந்தத் தெருவில் பேச்சாகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும், தொழவைக்கும் ஹஜ்ரத் அவரை நிறுத்தி, "கபீரு, அது என்ன வழக்கம்?" என்று கேட்டேவிட்டார். கபீர் யோசிக்கவில்லை. "நோயாளி இருக்கிற எடத்துக்கு வெளியழுக்கைக் கொண்டு போகக்கூடாதுன்னு டிப்பார்ட்மெண்டு ரூல்ஸ் ஹஜ்ரத்" என்றார். அப்படி ஒரு விதி உண்டா என்று அவருக்கே தெரியாது. அவர் மனைவி கமருன்னிஸா இதைக் கேள்விப்பட்டுத் தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"ரூல்ஸாம் ரூல்ஸு. நம்ம வீட்டுல அடுப்படி வரைக்கும் செருப்போட வந்து நிக்கிறீங்களே, அதுக்கு ரூல்ஸ் கெடையாதா?"

அவளிடம் மட்டும் அவர் நிஜத்தைச் சொன்னார். "பெத்த புள்ளைய எங்கிட்ட நீட்டுறாளுவ. எங்கையில ஊசி இருக்கு. அவ பயப்படுறதுக்கு நானும் கொஞ்சம் பயந்து காட்டலேன்னா எவ நீட்டுவா?"

அவர் சுற்றிவரும் ஊர்களில் ஒன்று கீழச்சாத்தங்குடி. அதன் கீழத்தெருவில் அந்தப் பழக்கத்துக்கு வேறொரு மதிப்பு இருந்தது. பண்ணைகளில் கூலிக்குப் போகிறவர்களின் தெரு அது. நடவுக்கும் அறுப்புக்கும் அந்தத் தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போகிறவள் ரெங்கம்மாள். முப்பது வயது. வாய்க்கு ஓய்வு கொடுக்காதவள்.

"எங்கப்பன் மேலத்தெருவுக்குள்ள போனா செருப்பைக் கழட்டிக் கக்கத்துல வெச்சுக்குவாரு பாய். போட்டுட்டு நடந்தா கட்டி வெச்சு அடிப்பானுவ. எங்க தெருவுல செருப்பைக் கழட்டுன ஒரே ஆம்பள நீங்கதான்."

"ஒனக்காக இல்ல தங்கச்சி. உள்ள இருக்கிறவங்களுக்காக."

"இருக்கட்டுமே. தெரு எங்களுதுதான?"

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில், நாட்டில் பெரியம்மை ஒழிந்தது என்று சர்க்கார் அறிவித்தது. குடவாசல் ஆஸ்பத்திரியில் இனிப்பு கொடுத்தார்கள். கபீர் தன் பங்கு ஜிலேபியைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். கமருன்னிஸா அதைப் பிட்டு வாயில் போடும்போதுதான் கேட்டாள்: "நோவு போயிருச்சுன்னா, ஒங்களுக்கு இனிமே என்னா வேலை?" கபீருக்கு அந்தக் கோணம் அதுவரை தோன்றவில்லை. அவள் மிச்ச ஜிலேபியைக் காகிதத்திலேயே மடித்து வைத்தாள்.

பதில் சில மாதங்களில் உத்தரவாக வந்தது. அம்மை குத்துகிறவர், மலேரியாக்காரர் எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்து, 'பல்நோக்கு சுகாதாரப் பணியாளர்' என்று ஒரே உத்தியோகம். தஞ்சாவூரில் இரண்டு மாதப் பயிற்சி. அதிலேயே கொஞ்ச நாள் சொந்த வட்டாரத்தில் களப்பணி. கடைசியில் வாய்மொழித் தேர்வு. தேறினால் புதுச் சம்பள விகிதம், மேலே மேற்பார்வையாளர் வரைக்கும் போக வழி. தேறாவிட்டால் உபரி. உபரி ஆனவர் ஒருவரைக் கோடியக்கரைப் பக்கம் ஒரு குடோனுக்குக் காவலாளாகப் போட்டுவிட்டார்கள் என்று பேச்சு அடிபட்டது. அம்மை குத்தி ஓய்ந்த கையில் குடோன் சாவியை வைத்துக்கொண்டு உப்புக்காற்றில் உட்கார்ந்திருப்பதைக் கபீர் நினைத்துப் பார்த்தார். அவருக்குப் பிடிக்கவில்லை. துபாயில் இருக்கும் மச்சினன் மூஸா, கம்பெனி கேம்ப்பில் கம்பவுண்டர் வேலைக்கு ஏற்பாடு செய்வதாக எழுதினான். "அங்க யாரு கையைப் பார்த்து நான் ஊரு சொல்றது?" என்று அதையும் ஒதுக்கிவிட்டார்.

புது உத்தியோகத்தின் பெயரைக் கீழத்தெருவில் சொன்னபோது ரெங்கம்மாள் உட்கார்ந்த இடத்திலேயே வாயை ஆவென்று திறந்தாள்.

"என்ன தங்கச்சி?"

"பல் நோக்குறவருன்னீங்களே. கடவாப்பல்லு ஒண்ணு ரொம்ப நாளாக் குடையுது. நோக்குங்க."

அன்றைக்கு மட்டும் நான்கு பேர் பல்லைக் காட்டினார்கள். கபீர் விளக்கிப் பார்த்துச் சலித்துப்போய், கடைசியில் ஒரு கிழவருக்கு உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

தஞ்சாவூர்ப் பயிற்சி அவருக்கு ஒரு விதத்தில் பிடித்திருந்தது. காலையில் முட்டை கொடுத்தார்கள். பிடிக்காதது, மலேரியா பார்க்க ரத்தம் தடவுவது. விரல் நுனியில் குத்திக் கண்ணாடி வில்லையில் மெல்லிசாக இழுக்க வேண்டும். குத்துவதில் அவருக்குக் கைபடிந்திருந்தது, இழுப்பதுதான் வரவில்லை. பயிற்சி டாக்டர் மங்களாம்பிகை வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது என்ன பாய், சுவத்துக்கு மெழுகினீங்களா?" என்பார். டாக்டரம்மாவுக்குத் திருவிடைமருதூர். கபீரை விடப் பத்து வயது சின்னவர். கண்டிப்பானவர், ஆனால் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது.

கிராமத்து ஜனங்களிடம் பேசுவது போல ஆளுக்கு ஒரு நாள் வகுப்பின் முன் நின்று பேச வேண்டும். கபீருக்கு வந்த தலைப்பு, 'பெரியம்மை ஒழிந்தது'. எழுந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார். அந்தச் சொல் வாயிலிருந்து வரவில்லை. விருந்தாளியாக நினைத்து இத்தனை காலம் விசாரித்த ஆளை எப்படி ஒழிந்தது என்று சொல்வது?

"அம்மா மலையேறிட்டாங்க" என்றார்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "எந்த மலைக்கு?" என்றார் டாக்டரம்மா.

"அது அவங்க இஷ்டங்கம்மா. திரும்பி வர மாட்டாங்க, அது நிச்சயம்."

டாக்டரம்மா முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு உட்காரச் சொன்னார். பக்கத்திலிருந்த மலேரியாக்காரர், "பாய், மார்க் போச்சு" என்று காதில் சொன்னார்.

களப்பணிக்கு அவர் ஊருக்கு வந்தது மாசியில். அந்த மாசியில் கீழச்சாத்தங்குடியில் சம்பா முற்றித் தலைசாய்ந்து நின்றது. அறுக்க ஆள் இறங்கவில்லை. கூலியில் ஒரு மரக்கால் நெல் கூட்டிக் கேட்டு, கீழத்தெருச் சங்கம் அரிவாளைக் கூரையில் செருகிவிட்டது. ஊரில் பெரிய பண்ணை துரைராசு. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்தக் கரை போட்ட வேட்டி அவர் பீரோவில் ஒன்று தயாராக இருக்கும். ஊருக்குத் துணை சுகாதார நிலையம் வேண்டும், இடம் நான் எழுதித் தருகிறேன் என்று பஞ்சாயத்து யூனியனில் சொல்லி வைத்திருந்ததும் அவர்தான். இடத்தை யாராவது எழுதிக் கொடுத்தால் கட்டடத்துக்குச் சர்க்கார் பணம் தரும். பங்குனிக்குள் எழுதாவிட்டால் அந்தப் பணம் திரும்பிப் போய்விடும். கட்டடம் வந்தால் கபீரைப் போடுவது அங்கேதான் என்று ஆஸ்பத்திரியில் எல்லோருமே பேசிக்கொண்டார்கள். குடவாசலிலிருந்து சைக்கிள் மிதித்தால் வந்துவிடும் தூரம்.

துரைராசு கூலியைக் கூட்டவில்லை. புதுக்கோட்டைச் சீமையிலிருந்து லாரியில் ஆட்களை இறக்கி, ஊர் எல்லையில் இருந்த தன் ரைஸ்மில்லில் தங்கவைத்தார். மில்லிலிருந்து வயலுக்குக் கீழத்தெரு வழியாகத்தான் போயாக வேண்டும். முதல் நாள் காலை அந்த ஆட்களின் மேஸ்திரி சாமிதுரை முன்னால் நடந்துவந்தவர், ரெங்கம்மாள் வீட்டு வாசலில் வேப்பிலை தொங்குவதைப் பார்த்தார். நின்றார். அம்மா இருக்கும் தெருவை மிதித்துப் போகக்கூடாது என்று ஆட்களைத் திருப்பி அழைத்துக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டார். அதைக் கீழத்தெரு பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் அந்தத் தெருவில் வேப்பிலை தொங்காத வீடே இல்லை.

சேதி ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. தெரு முழுக்க அம்மையாம்! பெரியம்மை ஒழிந்தது என்று உலகத்துக்குச் சொல்லியாகிவிட்டது. பெரியம்மை கண்டதாகச் சொல்பவருக்கு ரொக்கப் பரிசு என்று சுவர்களில், கட்சிச் சின்னங்களுக்குப் பக்கத்திலேயே, எழுதியும் வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் கபீரைக் கூப்பிட்டு உடனே போய்ப் பார்த்துவரச் சொன்னார்.

சைக்கிள் மிதிக்கும்போது கபீருக்கு ஒரு நினைப்பு ஓடியது. ஒருவேளை நிஜமாகவே பெரியவங்களாக இருந்தால்? பழைய இலாகா திரும்பத் திறக்கும். பயிற்சி வேண்டாம், வில்லை வேண்டாம், கோடியக்கரை வேண்டாம். அடுத்த மிதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஏதோ பிள்ளையின் உள்ளங்கையில் முத்து இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதாக அல்லவா ஆகிறது!

தெருமுனையில் வழக்கம்போல் இறங்கிச் செருப்பைக் கழற்றினார். இரண்டு பக்கமும் வேப்பிலை. ஏதோ திருவிழா நடக்கிற கோயில் மாதிரி இருந்தது தெரு. நான்கு வீடு நடந்திருப்பார். மூக்கு அவரை நிறுத்தியது. கருவாடு. எண்ணெயில் முறுகும் கருவாடு. அடுத்த வீட்டில் கடுகு வெடித்தது. அம்மா தங்கியிருக்கும் வீட்டில் கடுகு தாளிக்க மாட்டார்கள். எண்ணெய்ச் சட்டியே அடுப்பில் ஏறாது. வேப்பிலைக்குக் கீழே கருவாடு வறுபடும் தெருவைக் கபீர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

ரெங்கம்மாள் ஓடிவந்தாள். வரும்போதே பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பி, "அடியே, சட்டிய எறக்குடி, பாய் வந்துட்டாரு!" என்று பல்லைக் கடித்தாள்.

"எத்தன வீட்டுல வந்திருக்காங்க?" என்றார் கபீர்.

"எம்மவ தையலுக்குத்தான் வந்திருக்கு. மத்ததெல்லாம் தொணைக்கு."

"தொணைக்கா?"

"அம்மா தனியாத் தங்குனா நல்லாவா இருக்கும்?"

"கருவாடும் தொணைக்குத்தானா?"

ரெங்கம்மாளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டுக்குள் தையல்நாயகி வேப்பிலைப் படுக்கையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கபீர் உள்ளங்கையைக் காட்டச் சொன்னார். சுத்தமாக இருந்தது. உள்ளங்கால்களும் சுத்தம். முதுகில் மட்டும் முத்துகள், சில புதிது, சில காய்ந்தது. சின்னம்மை. கபீர் பெருமூச்சு விட்டார். எதற்காக என்று அவரே யோசிக்க விரும்பவில்லை.

வெளியே வந்ததும் ரெங்கம்மாளின் முகத்தில் சிரிப்பு இல்லை. "பாய், நீங்க போயி ஒண்ணும் இல்லேன்னு ஒரு வார்த்த சொன்னீங்கன்னா நாளைக்குக் காலையில லாரி ஆளு வயல்ல எறங்கிருவான். அப்புறம் எங்க அடுப்புல கருவாடு என்னா, கஞ்சிகூட இருக்காது."

"நான் பொய் சொல்ல மாட்டேன் தங்கச்சி."

"பொய் சொல்லச் சொல்லலியே. கண்ணால பார்த்தீங்கள்ல? அதச் சொல்லுங்க."

தெருமுனையைத் தாண்டுமுன்பே துரைராசுவின் ஆள் எதிரே வந்து மில்லுக்குக் கூட்டிக்கொண்டு போனான். களத்தில் புதுக்கோட்டை ஆட்கள் அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். துரைராசு கபீரைத் தனியாக ஒதுக்கி, தோளில் கை போட்டார். அதுவரை அவர் அப்படிச் செய்ததில்லை.

"பாய், கதிரு கொட்டுது. நாளைத் தள்ளுனா வைக்கோலத்தான் அறுக்கணும். அந்த மேஸ்திரி என் பேச்சைக் கேக்க மாட்டேங்கிறான், ஒங்க பேச்சைக் கேப்பான். அம்மை இல்லேன்னு ஒரு வார்த்த. அவ்வளவுதான். சென்டருக்கு எடம் நான் இந்த வாரமே எழுதுறேன். ஒங்கள அங்கதான் போடணும்னு நானே சொல்றேன்."

"நான் பார்த்தத எழுதித் தந்துடுறேங்க."

"எழுத்த விடுங்க. அவனுக்குப் படிக்கத் தெரியாது. வாயால சொல்லுங்க."

சாமிதுரை எழுந்துவந்தார். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். ஊரில் மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் பிழைக்க வந்த இத்தனை பேருக்கும் அவர்தான் பொறுப்பு. துரைராசுவைப் பார்க்காமல் கபீரை மட்டும் பார்த்துக் கேட்டார்.

"பாய், அம்மா வந்திருக்காங்களா?"

இத்தனை வருஷமாக வாசல் வாசலாகக் கபீர் கேட்ட கேள்வி. அவரை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. துரைராசுவின் கை இன்னும் தோளில் இருந்தது. இல்லை என்றால் இடம், கட்டடம், வீட்டுக்குப் பக்கத்தில் வேலை. பெரியம்மை இல்லை என்பது உண்மையுங்கூட. ஆனால் இந்த மனுஷன் பெரியம்மையைக் கேட்கவில்லையே!

"வந்திருக்காங்க" என்றார் கபீர். "பெரியவங்க இல்ல. சின்னவங்க."

"சின்னவங்க என்னா, பெரியவங்க என்னா. அம்மா அம்மாதான். எத்தன வீட்டுல?"

கபீரின் மூக்கில் இன்னும் கருவாட்டு வாசனை இருந்தது.

"அம்மா தங்கியிருக்கிற தெருவுல வீட்ட எண்ணுறதில்லீங்க."

சாமிதுரை கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆமா ஆமா, தப்பு. கேட்டிருக்கக் கூடாது" என்றார். அன்று மாலைக்குள் லாரி புதுக்கோட்டைப் பக்கம் திரும்பிவிட்டது. நான்கைந்து நாள் கழித்து, கேட்ட மரக்காலைக் கொடுத்து, கீழத்தெருவையே அறுப்புக்குக் கூப்பிட்டார் துரைராசு. தையலுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்றைக்கே தெருவிலிருந்த வேப்பிலை எல்லாம் ஒரேயடியாக இறங்கியது.

துரைராசு இரண்டு காரியம் செய்தார். சென்டருக்கு இடம் தருவதாகச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கபீர் பெரியம்மைப் புரளி கிளப்பி ஜனங்களைப் பீதியில் ஆழ்த்தினார் என்று தஞ்சாவூருக்கு மனுப் போட்டார்.

தேர்வு நாளில் கமருன்னிஸா புதுச் சட்டை தைத்துக் கொடுத்தாள். "கோடியக்கரைன்னா நானும் மெஷினத் தூக்கிட்டு வந்துர்றேன். அங்கயும் மனுசங்க சட்ட போடுறாங்கல்ல?" என்றாள். அதைக் கேட்டபோதுதான் கபீர் தன்னையே நொந்துகொண்டார். தன் பேச்சுக்கு அவள் மூட்டை கட்ட வேண்டியிருக்கிறதே என்று.

டாக்டர் மங்களாம்பிகையின் மேஜையில் மனு இருந்தது.

"புரளி கிளப்பினீங்களாமே."

"பெரியம்மை இல்லேன்னுதாங்கம்மா ரிப்போர்ட்டு கொடுத்தேன்."

"அப்புறம் ஏன் அந்த ஆளுங்க ஓடினாங்க?"

"அம்மா வந்திருக்காங்களான்னு கேட்டாங்கம்மா. வந்திருக்காங்கன்னேங்கம்மா."

"எந்த அம்மா? எத்தனை அம்மா போடுவீங்க ஒரு வரியில!"

"சின்னவங்கம்மா. அதையும் சொன்னேன்."

"ரிப்போர்ட்டுல ஒரு வீடுன்னு இருக்கு. மேஸ்திரிகிட்ட எத்தனைன்னு சொன்னீங்க?"

கபீர் சொன்னார். டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. திரும்பியபோது முகம் கண்டிப்பாகவே இருந்தது.

"எங்க வீட்டுலயும் எண்ண விட மாட்டாங்கதான். ஆனா நீங்க சுகாதாரப் பணியாளர். எண்ணிட்டு வந்துதான ரிப்போர்ட் எழுதினீங்க? எழுதினது முழு உண்மை. பேசினது முக்கால் உண்மை. அந்தக் கால் எங்க போச்சுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த மேஸ்திரி கொண்டுவந்த ஆளுங்களுக்கும் வீட்டுல அடுப்பு இருக்கு."

"ஆமாங்கம்மா" என்றார் கபீர். அது அவருக்கு உறைத்தது. சாமிதுரை தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது நினைவில் வந்துபோனது.

"இன்னொரு தடவை?"

"எண்ணிச் சொல்லிடுறேங்கம்மா."

"சரி. கையை நீட்டுறேன், ஒரு வில்லை எடுங்க, பார்ப்போம்."

தன் விரலையே நீட்டினார். கபீர் குத்தினார், இழுத்தார். வாழ்க்கையில் அன்றைக்குத்தான் கொஞ்சம் மெல்லிசாக வந்தது. டாக்டரம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சுவரு மெழுகல. கோலம் போட்டிருக்கீங்க. பரவாயில்ல" என்று மனுவை ஃபைலுக்குள் வைத்துக் கட்டினார். தேறியவர்கள் வரிசையில் கபீரின் பெயர் கடைசியில் இருந்தது. கடைசியாக இருந்தால் என்ன, கோட்டுக்கு மேலே இருந்தது.

இடம்தான் மிச்சம். பங்குனி முடியப்போகிறது, கட்டடப் பணம் திரும்பிப் போகப்போகிறது என்று கபீர் கீழத்தெருவில் சொல்லிவிட்டு வந்தார். குடியிருப்பு மனைகளுக்கு அவர்கள் சர்க்காரிடம் பட்டா வாங்கிச் சில வருஷங்களே ஆகியிருந்தன. மனைகளுக்கு நடுவே சங்கத்துக் கூட்டத்துக்கென்று பொதுவில் ஒரு துண்டு விட்டிருந்தார்கள். அதை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "கூட்டத்த வயல்லயும் போட்டுக்கலாம். ஊசிய வயல்ல போட முடியுமா?" என்றாள் ரெங்கம்மாள். மேலத்தெருவில் சிரித்தார்கள். அந்தத் தெருவுக்கு ஊசி போட்டுக்கொள்ள எவன் போவான் என்றார்கள்.

ஓட்டுக்கட்டடம் ஆறு மாதத்தில் எழும்பியது. பல்நோக்கு என்று பெயிண்டில் எழுதியிருந்தாலும், ஊர் வாயில் அது 'பல்லு ஆஸ்பத்திரி'தான். கபீர் கிணறுகளுக்கு மருந்து போடுகிறார், காய்ச்சல் கண்டவர்களுக்கு ரத்தம் எடுக்கிறார், கருத்தடை பற்றிப் பேசும்போது கூரையைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார். "பாய், ஓட்டுக்குச் சொல்றீங்களா, எங்களுக்குச் சொல்றீங்களா?" என்று பெண்கள் கேட்கிறார்கள். தையல்நாயகி வாசல்படியில் உட்கார்ந்து காலி மருந்துப் பெட்டியில் விளையாடுகிறாள். எல்லாத் தெருவுக்கும் முறை வைத்து வீடு வீடாகப் போகிறார்; மேலத்தெருவுக்கு வியாழக்கிழமை.

இந்தப் பங்குனியில் துரைராசுவுக்கு நடுக்கக் காய்ச்சல் கண்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், நான்கு கம்பளி போர்த்தினாலும் கட்டில் ஆடியது. டவுன் டாக்டர் ஊசி போட்டுப் பார்த்துவிட்டு, ரத்தத்தைத் தடவிப் பார்க்க வேண்டும், சர்க்கார் ஆளைக் கூப்பிடுங்கள் என்றார். துரைராசு ஆள் அனுப்பினார். "மேலத்தெரு முறை வியாழக்கெழம. அதுவரைக்கும் தாங்காதுன்னா சென்டருக்கு வரச் சொல்லுங்க. எந்நேரமும் இருப்பேன்" என்று கபீர் சொல்லியனுப்பினார். அன்று சனிக்கிழமை.

திங்கட்கிழமை காலையில் அவருடைய கார் கீழத்தெரு முனையில் வந்து நின்றது. தெரு குறுகல், கார் நுழையாது. துரைராசு போர்வையைச் சுற்றிக்கொண்டு இறங்கினார். முதல் வீட்டு நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. அந்த வீட்டில் கைக்குழந்தைக்குத் தட்டம்மை. இந்த முறை அது ஒரே வீட்டில்தான் தொங்கியது. துரைராசு நின்றார். பின்னால் திரும்பிக் காரைப் பார்த்தார். அப்புறம் குனிந்து செருப்பைக் கழற்றினார். தெருமுனையில் விட மனமில்லை. கையில் எடுத்துக்கொண்டார். வாய்க்கால் பக்கமிருந்து குடத்தோடு வந்த ரெங்கம்மாள் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டாள். புழுதி சுட்டது. துரைராசு கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு கையில் போர்வையும் ஒரு கையில் செருப்புமாகச் சென்டரை நோக்கி நடந்து வந்தார்.

கபீர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்ததும், எதையும் பார்க்காதவர்போல, படியோரம் கிடந்த தன் தேய்ந்த செருப்பைக் காலால் தள்ளி ஒதுக்கி, அருகில் இன்னொரு ஜோடிக்கு இடம் விட்டார்.